நாக்கு தடித்தால் வேப்பிலை வேண்டாம்

எங்கள் விழுப்புரம் பக்கம் காணாக்கடி என்றால் முதலில் வேப்பிலை மந்திரிப்பு, அப்புறம் வெற்றிலையில் மிளகு, கடைசியில்தான் டாக்டர். திண்டிவனத்துச் சித்திக்குச் சில மாதமாக இதே பாடு. பொழுது சாய்ந்தால் பாவாடை நாடா இறுக்கிய இடமெல்லாம் வரிவரியாய்ச் சிவந்து தடிக்கும். விடிந்தால் சுவடே இருக்காது. கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் நிறுத்தியாயிற்று. பாவம், நாக்கு செத்ததுதான் மிச்சம்.

காணாக்கடி என்பது தோலில் உள்ள சில செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுவதால் வரும் தடிப்பு. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். 6 வாரம் தாண்டியும் வந்துகொண்டே இருந்தால் சாப்பாட்டின் மேல் பழி போடுவது பெரும்பாலும் வீண். அரிக்கும்போது மட்டும் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போடாமல், டாக்டர் சொன்னபடி தினமும் போட வேண்டும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக் சிலருக்கு இதைக் கிளறிவிடும். சித்தி அதைப் போட்டுவந்ததை டாக்டரிடம் சொல்லவே இல்லை!

இமை, உதடு வீங்குவதும் இதோடு சேர்ந்ததுதான். ஆனால் நாக்கு தடித்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சு முட்டினாலோ உடனே 108.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ராத்திரியே தடிப்பைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி உட்காரும்போது டாக்டரிடம் காட்ட ஒன்றுமே இருக்காது.