முறை வைத்து ஆடும் மைதானம்



சென்ற கோடை விடுமுறைக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சிறு யுத்தமே மூண்டுவிட்டது. காரணம், மைதானம். எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு மைதானம். மேல் வகுப்புப் பையன்கள் அதன் நடுவே தண்ணீர் தெளித்து, மண்ணைக் கெட்டித்து, கிரிக்கெட்டுக்கென்று ஒரு களம் தயார் செய்து வைத்திருந்தார்கள். கால்பந்து ஆடுகிறவர்கள் அதை மிதித்துவிட்டார்கள். சடுகுடு ஆடுகிறவர்களோ அதன் மேலேயே கோடு கிழித்துவிட்டார்கள். மூன்று கட்சிகளும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்த வேளையில், எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்து, "டீச்சர், எங்களுக்கு எப்போது?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை. பந்துகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் பிரயாணமானேன்.

மே மாதத்தில் நமக்கு அக்கினி நட்சத்திரம்; அங்கேயோ குளிர் தொடங்குகிற காலம். ஒரு சனிக்கிழமை என் தங்கை மகன் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, "பெரியம்மா, வாருங்கள், உங்களுக்கு மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தைக் காட்டுகிறேன்" என்று கையைப் பிடித்து இழுத்தான்.

நகரத்தின் நடுவில் யாரா என்றொரு நதி ஓடுகிறது. அதன் பக்கமாகச் சிறிது தூரம் நடந்தால், மரங்கள் அடர்ந்த பூங்காவுக்கு அப்பால் ஆறு விளக்குக் கோபுரங்கள் தெரிகின்றன. வயல்வெளியைக் கடந்து வரும் வழிப்போக்கனுக்கு முதலில் கோவில் கோபுரம் தென்படுமே, அது போலத்தான். உள்ளே ஏறிப் போய்ப் பார்த்தவுடன் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. முட்டை வடிவமான பச்சைப் புல்வெளி. அதைச் சுற்றிலும் வரிசை வரிசையாய், அடுக்கு மேல் அடுக்காய் ஆசனங்கள். ஏறத்தாழ 1,00,000 பேர் ஒரே சமயத்தில் அமர்ந்து பார்க்கலாம். ஒரு பெரிய தேர்த்திருவிழாக் கூட்டம் முழுவதும் நெருக்கடியின்றி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் தேடியது வேறொன்று. "கிரிக்கெட் மைதானம் என்றாயே, நடுவில் பிட்ச் எங்கேயடா?" என்று கேட்டேன். எங்கும் ஒரே புல். அதன் மேல் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேராக முப்பத்தாறு பேர், தேங்காய் போல் நீண்ட ஒரு பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். உதைத்தார்கள், கையால் குத்தினார்கள், ஒருவர் தோள் மேல் ஒருவர் தாவிப் பிடித்தார்கள். இதுதான் ஆஸ்திரேலியக் கால்பந்து. இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக்கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளி; சற்றுத் தவறி ஓரக் கம்பத்துக்குள் போனால் ஒரு புள்ளி.

என் கேள்விக்கு அவன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான்: "பிட்ச் லீவில் போயிருக்கிறது, பெரியம்மா!"

அவன் சொன்னது வேடிக்கைப் பேச்சு அல்ல. இந்த மைதானத்தில் கோடையில் கிரிக்கெட், குளிர்காலத்தில் கால்பந்து. கிரிக்கெட்டுக்கு நடுநிலம் கல் போல் இறுகியிருக்க வேண்டும். கால்பந்துக்காரன் விழுந்தால் அடிபடாதபடி மெத்தென்றிருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மண் எப்படிப் பொருந்தும்? ஆகவே பெரிய இரும்புத் தட்டுகளில் களிமண் நிரப்பி, புல் வளர்த்து, உருளையால் அழுத்தி, பிட்சை வேறு இடத்தில் தயார் செய்கிறார்கள். கால்பந்துக் காலம் முடிந்ததும் அதை யந்திரத்தால் தூக்கி வந்து மைதானத்தின் நடுவே இறக்கிவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஐந்தாறு யானைகள் சேர்ந்த எடை இருக்கும். குளிர்காலம் வந்தால் பிட்ச் மறுபடியும் புறப்பட்டுவிடும். 1996-ஆம் ஆண்டிலிருந்து இந்த ஏற்பாடு நடந்து வருகிறது.

ஆரம்பத்தில் இவ்வளவு சமாதானம் இல்லை. மைதானத்துக்கு வெளியே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. பந்துக்காகப் போராடும் இரண்டு பையன்களும், அவர்களைக் கவனிக்கும் டாம் வில்ஸ் என்ற நடுவரும் அதில் இருக்கிறார்கள். 1858-ஆம் ஆண்டில் இரண்டு பள்ளிக்கூடத்துப் பையன்கள், பக்கத்துக்கு நாற்பது பேராக இந்தப் பூங்காவில் கால்பந்து ஆடினார்கள். சில வாரங்களுக்குள் மூன்று நாள் ஆடியும் ஆளுக்கு ஒரு கோல்தான்! மறு வருஷமே பெரியவர்கள் கூடி அந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதினார்கள்.

ஏன் பூங்காவில் ஆடினார்கள்? மைதானம் பக்கத்திலேயே இருந்ததே! 1853-இல் அந்த இடத்துக்கு வந்த கிரிக்கெட் சங்கத்தார், "எங்கள் புல் கெட்டுப்போகும்" என்று கால்பந்தை உள்ளே விடத் தயங்கினார்கள். எங்கள் மேல் வகுப்புப் பையன்கள் சொன்ன அதே வார்த்தை! 1876-இல் இவர்கள் ஒரு விசித்திரமான பார்வையாளர் மண்டபம் கட்டினார்கள். அதன் ஆசனங்களைத் திருப்பிப் போடலாம். கோடையில் உள்ளே நடக்கும் கிரிக்கெட்டைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் திருப்பிப் போட்டு வெளியே பூங்காவில் நடக்கும் கால்பந்தைப் பார்க்கலாம். ஆட்டத்தை உள்ளே அழைப்பதை விட ஆசனத்தைத் திருப்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது போலும்! 1884-இல் அந்த மண்டபம் தீக்கிரையாயிற்று. அதற்குள் அவர்கள் மனமும் இளகிவிட்டது. 1869-இல் ஒத்திகையாக ஓர் ஆட்டம். 1879 முதல் முறைப்படி ஆட்டங்கள். அதன் பிறகு கால்பந்து அங்கே நிலைத்துவிட்டது.

இப்படி இடம் கொடுத்த மைதானம் எத்தனை கண்டிருக்கிறது, கேளுங்கள். உலகத்தின் முதல் டெஸ்ட் பந்தயம் 1877-இல் இங்கேதான் நடந்தது. ஆஸ்திரேலியா இங்கிலாந்தை 45 ஓட்டங்களில் வென்றது. நூறு ஆண்டு கழித்து, 1977-இல், அதே இரு கட்சிகள் அங்கேயே ஆடின. மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்கு வெற்றி, அதே 45 ஓட்டங்களில்! இரண்டாம் உலக யுத்தத்தின் போது, 1942 முதல் 1945 வரை, மைதானம் படைவீரர்களின் பாசறையாக இருந்தது. 1956-இல் ஒலிம்பிக் பந்தயங்களின் பிரதான அரங்கமாயிற்று. விடுதலை பெற்று ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்த நம் தேசம், பல்பீர் சிங் தலைமையில், நேற்று வரை உடன்பிறந்தாராயிருந்த பாகிஸ்தானை அங்கே ஒரே கோலில் வென்று, ஹாக்கியில் தொடர்ந்து ஆறாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றது.

2020-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி நடந்ததைக் கேட்டபோது எனக்கு அந்த எட்டாம் வகுப்புச் சிறுமியின் நினைவு வந்தது. அன்று பெண்களுக்கான உலகக் கோப்பை இருபது ஓவர்ப் பந்தயத்தின் இறுதி ஆட்டம். நம் பெண்கள் தோற்றுத்தான் போனார்கள். ஆனால் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 86,174 பேர்!

எல்லோருக்கும் முந்தியவர்களை நான் இன்னும் சொல்லவில்லை. அந்த நிலம் வுருண்ட்ஜெரி என்னும் ஆதிகுடிகளுடையது. வெள்ளைக்காரர் வந்து குடியேறிய பின், சொந்த மண்ணிலேயே அவர்கள் அந்நியரானார்கள். அந்நியர் ஆட்சியை அறிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1866-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி, விக்டோரியாவின் மேற்குப் பகுதியிலிருந்து வந்த ஆதிகுடிக் கிரிக்கெட் கோஷ்டி ஒன்று இந்த மைதானத்தில் ஆடியது. அதில் ஜானி முல்லா என்ற வீரரும் ஒருவர். இப்போது அதே தேதியில் தொடங்கும் டெஸ்டில் சிறந்த ஆட்டக்காரருக்கு அவர் பெயரால் ஒரு பதக்கம் வழங்குகிறார்கள். 2020-இல் அதை முதன் முதலாகப் பெற்றவர் நம் அஜிங்க்ய ரஹானே. நூற்றைம்பது வருஷம் கழித்து வந்த மரியாதைதான், ஆனாலும் வந்தது.

திரும்பும் வழியில் எங்கள் கிராமத்துக் களத்துமேடு என் மனக்கண்ணில் தோன்றியது. தை மாதத்தில் அங்கே போரடிப்பார்கள். போர் எடுத்த பிறகு பிள்ளைகள் பந்தாடுவார்கள். திருவிழாக் காலத்தில் இரவெல்லாம் கூத்து. யாரும் அதைத் தனக்கே என்று சொன்னதில்லை. ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்த நமக்கு, ஒரு மைதானத்தை முறை வைத்து ஆடத் தெரியாமல் போனதேன்? எத்தனை பேர் உட்காரலாம் என்பதை வைத்து மைதானத்தின் பெருமையை அளப்பது போதாது. எத்தனை விதமானவர்களுக்கு அது முறை கொடுத்தது என்றும் பார்க்க வேண்டும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஓர் அட்டவணை எழுதி ஒட்டினேன். செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு. "எங்கள் பிட்ச்?" என்று முணுமுணுத்த பையன்களிடம், பறந்து வரும் பிட்சின் கதையைச் சொன்னேன். யந்திரத்துக்கு எங்கே போவது? அவர்களே யோசித்து, ஒரு தேங்காய் நார்ப் பாய் வாங்கி வந்தார்கள். ஆடும்போது விரிக்கிறார்கள், முடிந்ததும் சுருட்டி வைக்கிறார்கள்.

யுத்தம் முற்றிலும் ஓய்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சென்ற வாரம் அந்தச் சிறுமி மறுபடியும் வந்தாள். "டீச்சர், செவ்வாய்க்கிழமை மழை பெய்தால் எங்கள் முறை தள்ளிப் போகுமா, தவறிப் போகுமா?" என்று கேட்டாள். இந்தத் தடவை பந்துகளை வைத்துப் பூட்டவில்லை. எல்லாக் கட்சிகளையும் மரத்தடியில் கூட்டி உட்கார வைத்து, விதி எழுதிக்கொண்டிருக்கிறோம்.