காரைக்காலில் கப்பலேறியவர்

திங்கள், மாங்கனித் திருவிழா வாரம்

கரீபியன் தீவான குவாதலூப்பிலிருந்து தம் முன்னோரைத் தேடி ஓர் அம்மையார் வந்தார். எழுபதை நெருங்கிய வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. பாரதியார் சாலை முழுக்கத் திருவிழாக் கடைகள். ஆட்டோ நுழைய முடியாமல் வெயிலில் நடந்தே வந்தார். தமிழ் தெரியாது, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பேசிக்கொண்டோம். முதலில் எடுத்து நீட்டியது அவருடைய கொள்ளுத்தாத்தாவைப் பற்றிய பதிவின் நகல். ஒப்பந்த எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், கப்பலேறிய துறை என்று வரிசையாக இருந்தன. துறை, காரைக்கால்.

"அப்படியானால் நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்தானே?"

ஆம் என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். ஆனால் சொல்லவில்லை.

பிரெஞ்சுக் காலனிகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் தேடி நம் பக்கம் திரும்பினார்கள். 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினிக் தீவுக்கு முதல் கூட்டத்தைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்பை அடைந்தது. 1880களின் இறுதிக்குள் குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல் போனார்கள். சின்னஞ்சிறு காரைக்கால் அத்தனை பேருக்கு எங்கே போகும்? சுற்றி இருப்பது தஞ்சாவூர்ச் சீமை. ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் பிரிட்டிஷ் எல்லையைத் தாண்டி, பிரெஞ்சு வசமிருந்த காரைக்காலுக்கு ஆள் கூட்டி வந்தார்கள். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, இந்தக் கப்பலேற்றத்தைக் கவனிக்க பிரிட்டிஷ் ஏஜெண்டுகள் வந்தார்கள். கரையிலிருந்து சலங்குப் படகுகளில் ஏற்றி, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலில் சேர்த்தார்கள். பதிவில் காரைக்கால் என்று இருந்தால் அவர் இங்கே ஏறினார் என்றுதான் அர்த்தம். எங்கே பிறந்தார் என்று வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

செவ்வாய்

எத்தா சிவில் பதிவேடுகளைப் பற்றி விசாரித்தோம். பிறப்பு, திருமணம், சாவு எல்லாவற்றையும் எழுதிவைக்கும் பிரெஞ்சு வழக்கம் இந்த ஊருக்குக் கிடைத்த கொடை. இங்கே பிறந்தவர் என்றால் நூல் பிடித்துப் போய்விடலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1881 செப்டம்பர் ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். புதுச்சேரி வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' ஆனது அப்படித்தான். அம்மையாரின் கொள்ளுத்தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். அவருடைய ஒற்றைப் பெயர் அங்கே வம்சப் பெயராகிவிட்டது. அவரை இங்கே எந்தப் பதிவேட்டிலும் காணோம்.

அம்மையாரின் கணவர் வழியில், அதே காலத்தில் கடல் கடந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரும் உண்டாம். அவர் வேரைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்ததாம். ஸ்காட்லாந்தில் 1855இலேயே கட்டாயப் பதிவு வந்துவிட்டது. சாவுப் பத்திரத்தில்கூடத் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் வரை இருக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சர்ச் ஏடுகள் இருக்கின்றன. நம் கொள்ளுத்தாத்தாவுக்கோ, நிலம் இல்லாததால் பட்டாவில் பெயர் இல்லை. கோயில் கணக்கிலும் இல்லை. வாழ்நாளில் அவர் பெயரை எழுதிவைத்தவர்கள் அவர் உழைப்பை விலைக்கு வாங்கியவர்கள் மட்டுமே. இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு எரிகிறது.

வியாழன்

நாகூருக்கு அழைத்துப் போனேன். தர்காவின் கொடிமரத்தைப் பார்த்ததும் அம்மையார் நின்றுவிட்டார். அவர்கள் தீவில் மாரியம்மன் பூசையின்போது 'நாகூர் மீரா'வுக்கென்று ஒரு கம்பம் நட்டுக் கொடி ஏற்றுவார்களாம். யார் அந்த மீரா என்று சின்ன வயதில் கேட்டதற்கு, கடலில் காப்பாற்றியவர் என்று பாட்டி சொன்னாராம். மதுரை வீரனும் அங்கே இருக்கிறார். மூன்று மாதக் கடல் பயணத்தில் இந்துக்களும் நாகூர் ஆண்டவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வேண்டுதல் தலைமுறை தலைமுறையாக அங்கே உயிரோடிருக்கிறது. தர்கா வாசலில் பூ விற்ற பெண்ணிடம் இதைச் சொன்னேன். "அவங்க நம்ம வீட்டுப் புள்ளதானங்க ஐயா" என்று ஒரு முழம் மல்லிகையை அம்மையார் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

திரும்பும்போது அம்மையார் ஹென்றி சிதம்பரத்தைப் பற்றிப் பேசினார். 1863இல் குவாதலூப்பில் பிறந்தவர். அங்கே பிறந்த இந்தியர்களும் பிரெஞ்சுக் குடிமக்களே, அவர்களுக்கு ஓட்டு உண்டு என்று 1904இல் தொடங்கி 1923 வரை வழக்காடி வென்றவர். தன் வாக்குரிமை அவர் வாங்கித் தந்தது என்றார் அம்மையார். அந்தப் பெயரில் காரைக்காலில் ஒரு தெருவாவது வேண்டும்.

ஞாயிறு

நகலை மறுபடி விரித்தோம். முதல் நாள் நாங்கள் கவனிக்காமல் விட்ட பிறந்த ஊர் என்ற இடத்தில், பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி, 'திருவலூர்'. சென்னைக்குப் பக்கத்துத் திருவள்ளூராகவும் இருக்கலாம். அங்கிருந்து கிளம்புபவர் சென்னைத் துறையை விட்டு இவ்வளவு தெற்கே வருவாரா? தஞ்சாவூர் ஜில்லாத் திருவாரூரைத்தான் அன்றைய ஆங்கில ஏடுகளும் பல இடங்களில் 'திருவலூர்' என்று எழுதின. அங்கிருந்து நடந்தால் இரண்டு நாளில் காரைக்கால். 1861இல் நாகப்பட்டினம் ரயிலும் வந்துவிட்டது. நான் திருவாரூர் என்றுதான் நினைக்கிறேன். அம்மையாரிடம் நிச்சயம் என்று சொல்லவில்லை, நம்புகிறேன் என்று சொன்னேன்.

பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் கிடக்கும் பெயர்களை ஊர்வாரியாகப் பிரித்துத் தமிழில் எழுதி, ஒரு பிரதி இங்கே நூலகத்தில் வைக்க வேண்டும். அம்மையார் அங்கிருந்து நகல் அனுப்புவார், நான் ஊர்ப் பெயர்களைச் சரிபார்ப்பேன். திருவாரூரைச் சுற்றிய ஊர்களில் இருந்து ஆரம்பிக்கிறோம்.