அப்பா, குதிரை, கோரஸ்!

நமக்கும் குதிரைக்கும் உள்ள உறவு ரொம்பச் சுருக்கமானது. சின்ன வயதில் மெரினாவில் ஒரு ரவுண்டு. கல்யாண ஊர்வலத்தில் ஒரு தரம், அதுவும் பயத்தில் வியர்த்து வழிந்துகொண்டு! அப்புறம் அண்ணா சாலையில் மன்றோ சிலை. பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு ஆபீஸுக்கு லேட்டாகப் போவோம். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட ஒரு குடும்பம், 2019 அக்டோபரில், குதிரை ஆட்டம் பார்க்க ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்துக்குப் போனது. எங்கள் குடும்பம்தான்.

காரணம், அப்பாவின் கண். ரயில்வே கார்டாக 32 வருஷம் சிக்னல் பார்த்த கண். க்ளாக்கோமா வந்து, பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. "மருந்து போட்டா இருக்கிறதைக் காப்பாத்தலாம். போனது திரும்பாது" என்று சொல்லிவிட்டார் டாக்டர். வியன்னாவில் இருக்கும் தங்கை போனில் அழுதாள். மறுநாளே அவள் வீட்டுக்காரர் பேசினார். "மச்சான், யோசிக்காதீங்க. மாமாவுக்குக் கண்ணு தெரியறப்பவே கூட்டிட்டு வந்துடுங்க!"

போனோம். நான் பி.காம். படித்தவன். அங்கே எதைக் கண்டாலும் கை தானாக 80-ஆல் பெருக்கியது. ஒரு காபி குடிப்பதற்குள் அது ஆறிவிட்டது, கணக்கு முடியவில்லை.

முதலில் குதிரை. ஊர் நடுவே ஹோஃப்பர்க் என்று ராஜாக்கள் வாழ்ந்த பெரிய அரண்மனை. அதற்குள்ளேயே 'ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல்'. வியன்னாவில் ஏன் ஸ்பானிஷ்? குதிரைகளின் மூதாதையர் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். 1565-லேயே இந்தப் பள்ளியைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. இப்போதுள்ள மண்டபம் 1735-ல் கட்டி முடித்தது.

"குதிரை என்ன கலர்டா?" வாசலில் அப்பா கேட்டார்.

"வெள்ளைப்பா."

"அப்ப தேவலை. வெள்ளைன்னா கொஞ்சம் தெரியும்."

உள்ளே போனால், சுவர் வெள்ளை, தூண் வெள்ளை, கூரை வெள்ளை! வெள்ளைக்குள் வெள்ளைக் குதிரையை எங்கே தேடுவது? போட்டோவும் எடுக்கக் கூடாது, அப்புறம் பெரிசு பண்ணிக் காட்டலாம் என்றால்.

குதிரைகள் வந்தன. சவாரி செய்பவர்களுக்குப் பழுப்பு நிறக் கோட்டு. அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "ஆளுங்க மட்டும் அந்தரத்துல மிதந்து வர்றாங்கடா!"

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குத் தெரிந்தது. தாத்தாவை ஒட்டி உட்கார்ந்தாள். கிசுகிசுவென்று ஆரம்பித்தாள்.

"தாத்தா, எல்லாரும் தொப்பியைக் கழட்டி ஒரு படத்துக்கு வணக்கம் சொல்றாங்க."

ஆறாம் சார்லஸ் என்ற ராஜாவின் படம் அது. மண்டபத்தைக் கட்டியவர் அவர்தான். ஆள் போய் இருநூற்றெழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் வணக்கம் நிற்கவில்லை. மானேஜர் லீவில் இருந்தாலும் நாற்காலிக்கு குட்மார்னிங் வைக்கும் நமக்கு இது புரியும்.

"தாத்தா, இப்ப ஒரு குதிரை குதிச்சு... அந்தரத்துலயே பின்னங்காலை உதைக்குது!"

அதற்குப் பெயர் கேப்ரியோல். அந்த மாதிரி வித்தைக்கெல்லாம் வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும். வயதான குதிரை புது ஆளுக்குச் சொல்லித்தரும், அனுபவப்பட்ட ஆள் புதுக் குதிரைக்குச் சொல்லித்தருவார். இதுதான் அங்கே பாடத்திட்டம். நன்றாகச் செய்தால், கோட்டின் வாலில் இருக்கும் ரகசியப் பையிலிருந்து சர்க்கரைக் கட்டி. ஸ்பாட் போனஸ்!

இந்த லிப்பிஸானர் குதிரைகள் பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். வளர வளரத்தான் வெளுக்கும். எப்போதாவது ஒன்று வெளுக்காமலே நின்றுவிடும். அப்படி ஒன்றைப் பள்ளியில் வைத்திருப்பது அதிர்ஷ்டம் என்று நம்பிக்கை. அன்று அதுவும் வந்தது.

"அதோ! பழுப்பு! முழுசாத் தெரியுதுடா!" அப்பா போட்ட சத்தத்தில் முன்வரிசை அம்மாள் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும், "ரேடியோல அப்துல் ஜப்பார் கிரிக்கெட் கமென்ட்ரி கேட்ட மாதிரி இருந்துச்சு" என்று பேத்திக்கு சர்டிபிகேட் கொடுத்தார்.

மறுநாள் ஞாயிறு. அதே அரண்மனையின் சர்ச்சில் வியன்னா சிறுவர் குழு பாடும் பூசை. 1498-ல் முதலாம் மாக்ஸிமிலியன் ஆரம்பித்து வைத்தது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினாரே, அதே வருஷம்! பின்னாளில் பெரிய இசைமேதையான ஷூபர்ட்டும் சின்னப் பையனாக இங்கே பாடியவர்தான்.

பாட்டு ஆரம்பித்தது. பையன்களைக் காணோம்! எங்களுக்குப் பின்னால், மேலே மாடத்தில் நின்று பாடுகிறார்கள். எங்கள் வரிசையிலிருந்து ஒரு தலைகூடத் தெரியவில்லை. நான் கழுத்தைத் திருகினேன். என் மனைவி திருகினாள். மாப்பிள்ளைக்குச் சுளுக்கே பிடித்துவிட்டது.

அப்பா மட்டும் நேராக, கண்ணை மூடி, நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"தாத்தா, எனக்கு ஒண்ணுமே தெரியலை" என்றாள் மகள்.

"எனக்குத் தெரியுது, வா" என்றார் அப்பா.

இப்போது கமென்ட்ரி அவர் முறை. "சின்னப் பசங்க குரல் மேல ஏறுது பாரு. பெரியவங்க கீழ தாங்கிப் பிடிக்கிறாங்க. ஆளுக்கு ஒரு பாட்டைப் பாடறாங்க, ஆனா மோதலை. ரயில் மாதிரிடா கண்ணு. எஞ்சின் ஒரு சத்தம், சக்கரம் ஒரு சத்தம், பாலம் ஒரு சத்தம். எல்லாம் சேர்ந்தாத்தான் வண்டி."

மகளும் கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த நானும் மூடிக்கொண்டேன். லத்தீன் பாட்டு, ஒரு வார்த்தை புரியவில்லை. சுப்ரபாதம் மட்டும் எத்தனை பேருக்குப் புரிகிறது? விடிந்தால் அது வேண்டியிருக்கிறதல்லவா?

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் விசாரிக்க வந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் கேட்டார்: "கண்ணு சரியாத் தெரியாம அவ்வளவு தூரம் போயி... என்ன சார் பார்த்தீங்க?"

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தரத்தில் மிதந்த ஆட்களிலிருந்து ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் சொன்னார்.

நானும் கூடத்தான் போயிருந்தேன். பாதி எனக்கே புதுசு!