நாளையும் வருவீர்களா?

மொழியைக் கற்பிக்கச் செல்பவர் முதலில் ஒரு மொழியைக் கற்க வேண்டும். கம்போடியாவின் ஊரகப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற தன்னார்வத் தொண்டர்களாகிய எங்களுக்கு இதுவே முதல் விதியாக இருந்தது. ஈராண்டுப் பணி, அதற்கு முன் பத்து வாரப் பயிற்சி. அந்தப் பத்து வாரமும் ஒவ்வொருவரும் ஒரு கெமர் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் பேசுவதைப் பேசப் பழக வேண்டும். எனக்கு வாய்த்தது தக்கேயோ மாகாணத்தில் வயல்கள் சூழ்ந்த ஒரு சிற்றூர்.

விடியல் முதல் அந்தி வரை

நான் தங்கியிருந்தது தூண்கள்மேல் எழுப்பிய மரவீடு. மேலே உறங்குவதற்கு இடம். கீழே நிழலில் மாடுகள், மிதிவண்டிகள், கயிற்று ஊஞ்சல்கள், மழைநீர் நிறைந்த பெருஞ்சாடிகள். சேவல் கூவும்போதே நாள் தொடங்கிவிடும். கைலியைச் சுற்றிக்கொண்டு, சாடியிலிருந்து நீரை மொண்டு ஊற்றிக் குளிப்போம். எதிர்ப்படும் ஊரார், "சோறு உண்டாயிற்றா?" என்றே நலம் கேட்பர். வீட்டு நினைவை அடக்கிவைத்திருந்த எனக்கு அந்த வினாவே போதுமானதாக இருந்தது.

முற்பகலில் நான்கு மணிநேரம் கெமர் மொழி வகுப்பு. உச்சிவேளையில் ஊர் முழுதும் ஓய்வு கொள்ளும். பிற்பகலில் கற்பித்தல் பயிற்சி. அந்தியில் வீட்டுப்பாடம். வயதில் மூத்தவரைப் 'போங்' என்றும் இளையவரை 'ஓன்' என்றும் அழைக்க வேண்டும். வணங்கும்போது, முன்னிருப்பவரின் தகுதிக்கேற்பக் குவித்த கைகள் உயர வேண்டும். இவையும் எங்கள் பாடங்களே.

எழுத்தின் உறவு

கெமர் மொழியில் ஆசிரியரைக் 'க்ரூ' என்பர். அது 'குரு' என்னும் சொல்லின் வடிவம். பள்ளி 'சாலா', எழுத்து 'அக்சர்'. எழுத்துகளுக்கும் நமக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவர் காலத்து எழுத்து கடல் கடந்து சென்றது. அதன் வழி வந்ததே கெமர் எழுத்து. ஆண்டு குறிக்கப்பட்ட கெமர் கல்வெட்டுகளுள் மிகப் பழையது கி.பி. 611ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது கிடைத்த அங்கோர் போரெய் என்னும் ஊரும் இதே தக்கேயோ மாகாணத்தில்தான் உள்ளது.

ஆயினும் உறவு இருப்பதால் கல்வி எளிதாகிவிடுவதில்லை. கெமரில் 33 மெய்யெழுத்துகள். அவை இரு குழுக்களாகப் பிரியும். ஒரே உயிர்க்குறி, எந்தக் குழுவின் மெய்யோடு சேர்கிறதோ அதற்கேற்ப வேறாக ஒலிக்கும். சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை. எண்களிலும் ஐந்துக்குப்பின் ஒன்பது வரை புதுப்பெயர் இல்லை. ஆறு என்பது 'ஐந்து ஒன்று', ஏழு என்பது 'ஐந்து இரண்டு'. பட்டம் பெற்ற நான், சந்தையில் கத்தரிக்காய் வாங்க விரல்விட்டு எண்ணினேன். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் மாணவரின் மனம் எப்படி இருக்கும் என்பதை எந்தக் கையேட்டையும்விட அந்தச் சந்தை எனக்கு நன்கு உணர்த்தியது.

நேற்று என்னும் சொல்

ஆறாம் வாரத்தில் உள்ளூர்ப் பள்ளியில் மாதிரி வகுப்புகள் தொடங்கின. வெள்ளைச் சட்டை அணிந்த ஏறத்தாழ ஐம்பது மாணவர்கள், ஒரே குரலில் வணக்கம், அதன்பின் அமைதி. எங்கள் பயிற்சியில் ஒரு கட்டளை இருந்தது. தொண்டர் தனியே வகுப்பெடுக்கக் கூடாது. அப்பள்ளியின் ஆங்கில ஆசிரியரோடு இணைந்தே கற்பிக்க வேண்டும்.

ஒருநாள் இறந்தகால வினைகளைக் கற்பித்தோம். ஒரு மாணவன் எழுந்து, "நேற்று என்று முன்னரே சொல்லிவிட்டோமே, பிறகு வினைச்சொல் ஏன் மாற வேண்டும்?" என்று கேட்டான். அது நல்ல வினா. கெமர் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. தனிச்சொற்களே காலத்தை உணர்த்தும். தமிழும் ஆங்கிலமும் வினைக்குள்ளேயே காலத்தைப் பொதிந்துவைக்கின்றன. இரண்டுமே குறையற்ற வழிகள்தாம். என்னுடன் நின்ற கெமர் ஆசிரியை, வயலில் நடப்பட்ட நாற்றையும் அறுக்கப்பட்ட கதிரையும் எடுத்துக்காட்டி, அரை நிமிடத்தில் அதனை மாணவர் மொழியிலேயே விளக்கினார். வகுப்பு முழுதும் தலையசைத்தது. இணைந்து கற்பித்தலின் பயனை அன்று கண்கூடாகக் கண்டேன்.

பாதியில் நின்ற பாடம்

அந்தியில் நான் எழுதிப் பழகும்போது வீட்டுத்தலைவி அருகில் வந்து அமர்வார். அவரை நான் அம்மா என்றே அழைத்தேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் தம் மகளின் குறிப்பேட்டையும் என்னுடையதையும் மாறிமாறிப் பார்ப்பார். ஒருநாள் என் கையிலிருந்த எழுதுகோலை வாங்கி, ஒரு மெய்யெழுத்தை எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று மெல்ல வரைந்து காட்டினார். பின்னர், "இதுவரைதான் எங்கள் ஆசிரியர் வந்தார். அதன்பின் வரவில்லை" என்றார்.

அவர் சொன்னது 1975ஆம் ஆண்டைப் பற்றி. ஏப்ரல் 17 அன்று கெமர் ரூச் படையினர் தலைநகர் புனோம் பென்னைக் கைப்பற்றினர். நகர மக்கள் வயல்களுக்கு விரட்டப்பட்டனர், பணம் ஒழிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. தலைநகரின் உயர்நிலைப் பள்ளி ஒன்று சிறைக்கூடமாக மாற்றப்பட்டது. இன்று அது துவோல் சிலெங் இனப்படுகொலை அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆசிரியர்களும் கற்றவர்களும் பகைவராகக் கருதப்பட்டனர். 1979 சனவரியில் அவ்வாட்சி வீழ்வதற்குள் ஏறத்தாழ பதினேழு இலட்சம் பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. 'மூன்று ஆண்டு, எட்டு மாதம், இருபது நாள்' என்று அம்மக்கள் அக்காலத்தை இன்றும் நாள் கணக்கோடு சொல்கின்றனர்.

பள்ளிகள் மீண்டும் திறந்தபோது அம்மாவுக்குப் பதினோரு வயது. தந்தை இல்லை. தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. அவர்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவர் வயலுக்குச் சென்றார்.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபின், "மகளே, நீ எத்தனை நாள் இங்கே கற்பிப்பாய்?" என்று கேட்டார்.

"இரண்டு ஆண்டுகள், அம்மா."

"அதன்பின்?"

அவர் குரலில் குறை கூறும் தொனி இல்லை. ஆசிரியர் வராத காலைப்பொழுதைக் கண்டவர் அவர். தம் மகளின் வகுப்புக்கு நாளையும் ஓர் ஆசிரியர் வருவாரா என்பதே அவரது கவலை.

கடைசி இருக்கை

அன்றுமுதல் இணைந்து கற்பித்தல் எனக்கு வெறும் பயிற்சி விதியாகத் தோன்றவில்லை; அம்மாவின் வினாவுக்குரிய விடையாகத் தோன்றியது. தொண்டர் ஒருநாள் விடைபெறுவார்; உள்ளூர் ஆசிரியை அங்கேயே இருப்பார். நான் கொண்டுவந்த படங்கள், விளையாட்டுகள், உரையாடல் பயிற்சிகள் ஆகியவற்றுள் எவை அவர் கைக்குப் போய்ச் சேர்கின்றனவோ, அவையே அப்பள்ளியில் நிலைக்கும்.

எனவே ஒவ்வொரு பாடத்தையும் இருவரும் சேர்ந்தே திட்டமிட்டோம். ஆங்கில ஒலிப்பில் அவருக்கிருந்த ஐயங்களை நான் தீர்த்தேன். மாணவர் மனத்தைப் பற்றிய என் ஐயங்களை அவர் தீர்த்தார். கெமர் மொழியில் சொல்லின் ஈற்றிலுள்ள சகர ஒலி காற்றொலியாக மெலிந்துவிடும். அதனால் ஆங்கிலப் பன்மைச் சொற்கள் மாணவர் நாவில் ஈறு தேய்ந்து ஒலித்தன. இதை முதலில் கண்டறிந்தவர் அவரே. அதற்கென ஒரு கைதட்டல் விளையாட்டை உருவாக்கியவரும் அவரே.

பயிற்சியின் கடைசி மாதிரி வகுப்பை அவர் தனியே நடத்தினார். நான் கடைசி வரிசையில், அம்மாவின் மகளுக்கு அருகில் இடம் கேட்டு அமர்ந்தேன். கைதட்டல் ஒலித்தது, ஐம்பது குரல்கள் சொல்லின் ஈற்றை முழுமையாக ஒலித்தன. மணி அடித்ததும் ஆசிரியை கரும்பலகையைத் துடைத்து, அதன் மூலையில் மறுநாள் பாடத்தின் பக்க எண்ணை எழுதினார். என் அருகிலிருந்த சிறுமி அதைத் தன் குறிப்பேட்டில் கவனமாகக் குறித்துக்கொண்டாள்.