கேமரன் மலைக் குளிரில் வாயில்லா ஜீவன்கள்

நம் நாட்டில் ஏது குளிர்காலம் என்று கேட்பீர்கள். வெயிலையும் மழையையும் தவிர வேறென்ன கண்டோம் என்று பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நினைப்பது இயல்புதான். ஆனால், தாப்பாவில் பஸ் ஏறி, வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்று, தானா ராத்தாவில் இறங்கிப் பாருங்கள். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,440 மீட்டர் உயரம். கம்பளிச் சட்டையைத் தேடுவீர்கள்!

1885இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரே இம்மலைக்கு நிலைத்துவிட்டது. 1929இல் இங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. இம்மலையில் தேயிலை நட்டு, இலை பறித்து வாழ்ந்தவர்களுள் நம்மவர் பலர்.

சுற்றுலா செல்வோர் தேயிலைச் சரிவைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் சற்று நின்று, வீடுகளின் பின்புறத்தையும் பாருங்கள். நாயும் பூனையும் கோழியும் ஆடும் அங்கேதான் குளிரோடு போராடுகின்றன.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை வலுக்கும். ஜனவரி, பிப்ரவரியில் மேகம் விலகிய இரவுகளில் நிலத்தின் சூடெல்லாம் வானத்திற்குப் போய்விடும். சாதாரணமாக 15 டிகிரி அளவில் நிற்கும் இரவுக் குளிர், 1978 பிப்ரவரி 1ஆம் நாள் 7.8 டிகிரிக்கு இறங்கியது. 'தைப்பனி தரையைத் துளைக்கும்' என்று நம் பெரியவர்கள் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது, பாருங்கள்!

ஒன்றை மனத்தில் வையுங்கள். பிராணிகளுக்குக் குளிரைவிட ஈரமே பெரிய எதிரி. உலர்ந்த ரோமம் உடற்சூட்டைப் பிடித்து வைக்கும். நனைந்த ரோமத்தால் அது முடியாது. அதனுடன் காற்றும் சேர்ந்தால் ஆபத்துதான்.

ஆகவே, நாய் சிமெண்டுத் தரையில் படுக்கக் கூடாது. ஒரு சாண் உயரத்தில் பலகை போட்டு, அதன்மேல் உலர்ந்த சாக்கை விரியுங்கள். கூண்டின் வாசல் காற்றடிக்கும் பக்கம் பார்க்க வேண்டாம். பிறந்து இரண்டு வாரம் ஆகாத குட்டிகளால் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. தாயிடமிருந்து அவற்றைப் பிரிக்காதீர்கள்.

ஆட்டுக் கொட்டகையைத் தரைக்கு மேலே பரண்போல் அமைத்து, சட்டங்களுக்கிடையே சிறிது இடைவெளி விட்டால் புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும். படுக்கும் இடம் காய்ந்திருக்கும். குட்டி பிறந்தவுடன் துணியால் துடைத்து உலர்த்தி, சில மணி நேரத்திற்குள் சீம்பால் குடிக்க விடுங்கள். அதுவே அதற்கு உணவு, சூடு, மருந்து எல்லாம்.

கோழிக்குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி வரை சூடு தேவை. விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டினால் குளிர்கிறது என்று பொருள். விலகி ஓடினால் சூடு அதிகம். மூடிய கூண்டில் கரி அடுப்பு வைக்கவே கூடாது. அதன் நச்சுக்காற்று ஓசையின்றிக் கொன்றுவிடும்.

பூனை சூடு தேடிக் காரின் எஞ்சினுக்குள் புகுந்துகொள்ளும். காலையில் காரைக் கிளப்புமுன் முன்மூடியை இரண்டு முறை தட்டுங்கள். மழைக்காலத்தில் எலிகளும் வீட்டை நாடி வரும். எலியின் சிறுநீரால் பரவும் நோய் நாயையும் தாக்கும், மனிதரையும் தாக்கும். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி உண்டு. கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

2013 அக்டோபர் 23ஆம் நாள் விடியுமுன், ரிங்லெட்டை அடுத்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் பாய்ந்து மனித உயிர்களும் பலியாயின. அத்தகைய வேளையில் சங்கிலியில் கட்டிய நாய்க்கும் கூண்டில் பூட்டிய கோழிக்கும் தப்ப வழியேது? மழை வலுக்கும்போதே அவற்றை மேட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். நேரமில்லையென்றால் அவிழ்த்தாவது விடுங்கள். ஆண்டிறுதி வெள்ளம் காணும் கீழ்நாட்டுத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும்.

கேமரன் மலைக்குப் போகாதவர்களும் ஒன்று செய்யலாம். இன்றிரவே உங்கள் நாய் படுக்கும் சாக்கைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மாற்றிவிட்டு, பிறகு நீங்கள் போர்த்திக்கொண்டு படுங்கள்.