போகவும் திரும்பவும்

கடல் கடத்தல் என்ற சொல் மலையகத் தமிழரின் பேச்சில் ஒருநாளும் உல்லாசத்தைக் குறித்ததில்லை. கப்பலேறியவர் என்றால் பஞ்சம் துரத்தியவர். அல்லது சட்டம் துரத்தியவர். மனம் விரும்பியதனாலேயே கடலைக் கடக்கும் மூன்றாவது வகையினரும் உண்டென்று எண்ணிப் பார்ப்பதற்கு நமக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன.

கித்துல்கலயை உலகம் அறியும். 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்துக்காக டேவிட் லீன் இங்கே களனி கங்கையின் குறுக்கே பெரியதொரு மரப்பாலத்தை எழுப்பினார். கதை முடிவுக்காக அதையே வெடிவைத்துத் தகர்த்தார். இன்று அந்த ஆற்றின் நுரை தெறிக்கும் ஓட்டத்தில் காற்றடைத்த படகேறிக் களிப்பதற்குத் தொலைதூரங்களிலிருந்து மக்கள் வருகின்றனர். இந்த மலைச்சரிவுகளின் தோட்டங்களில் இறப்பர்ப் பால் வெட்டுகின்றவரும் கொழுந்து பறிக்கின்றவரும் அவ்வாரவாரத்தைக் கேட்டபடியே வேலை செய்கின்றனர். ஓய்வு என்பது பிறர் அனுபவிக்க நாம் பார்த்திருக்கும் ஒரு பொருள் என்ற எண்ணம், இவ்வாறே நம் குழந்தைகளின் நெஞ்சில் சிறுவயதிலிருந்தே ஊறிவிடுகிறது.

அத்தகைய தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, இன்று பாடசாலையொன்றில் கற்பிக்கும் பெண் நான். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குத் தனியாகக் கப்பலேறிப் போய், நான்கு நாள் தங்கி வரப்போகிறேன் என்று சொன்னபோது அயல் லயத்து அக்கா திகைத்தார். "யாரு செத்தது?" என்பதே அவருடைய முதற்கேள்வி. சாவும் இல்லை, கலியாணமும் இல்லை என்றேன். "அப்ப எதுக்கு?" என்றார். கடலைப் பார்க்க வேண்டும், சில நாள் தனியாக இருக்க வேண்டும் என்ற என் மறுமொழி அவருக்கு விளங்கவில்லை. ஒற்றை அறைக்குள் மூன்று தலைமுறை படுத்துறங்கும் வாழ்வில், தனிமை என்பது தண்டனையாகத்தான் அறிமுகமாகியிருக்கிறது.

அவருடைய திகைப்புக்கு வரலாறு உண்டு. நம் முன்னோர் தோணிகளில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானவர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. இரு கரையிலும் ரயில் காத்திருந்தது. பயணம் எளிதாயிற்று, பயணியின் நிலை மாறவில்லை. மண்டபம் முகாமில் அடைத்துச் சோதிக்கப்பட்டு, கங்காணியின் கடனைத் தலையில் சுமந்தே அவன் ஏறினான்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவனுடைய சந்ததியை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தமான அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆயினும் கப்பல் நிற்கவில்லை, இராமேஸ்வரத்துக்கு ஓடியது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. என் பெரியத்தையும் அதில்தான் போனார். போனவர் திரும்பவே இல்லை. 1980களில் போர் மூண்டபின் அக்கப்பலும் நின்றது.

நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, சில நாட்களிலேயே பருவமழையை முன்னிட்டு நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. அதில்தான் நான் சென்றேன். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். கரை மறைந்து, நான்கு திசையும் நீரேயானபோது, என்னை எவரும் 'டீச்சர்' என்றோ 'இன்னாருடைய மகள்' என்றோ அழைக்காத அந்த அமைதியைக் கண்டு முதலில் அஞ்சினேன். பின்னர் அது இனித்தது. கைப்பையில் என் கடவுச்சீட்டும், திரும்பி வருவதற்கான பயணச்சீட்டும் இருந்தன. பெரியத்தையின் கையில் இல்லாதிருந்தது அந்த இரண்டாவது தாள் ஒன்றுதான் என்று எண்ணியபோது கண் கலங்கியது.

நாகையில் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. விடியலில் கடற்கரையில் அமர்ந்தேன். வலை உலர்த்தும் மீனவரைப் பார்த்தேன். நாகூர் தர்காவின் மினாராக்களை அண்ணாந்து நோக்கினேன். தேநீர்க்கடை முதியவர் என் பேச்சைக் கேட்டு, "சிலோன்காரங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறந்த நாட்டின் குடிசன மதிப்பீட்டிலோ நாங்கள் நெடுங்காலமாக 'இந்தியத் தமிழர்'! ஒவ்வொரு கரையும் எம்மை மற்றக் கரைக்கு உரியவராகவே கண்டிருக்கிறது. அவரிடம், "ஆமாம் ஐயா, கித்துல்கலக்காரி. ஊர் பார்க்க வந்தேன், ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறேன்" என்றேன். இந்த எளிய வாக்கியத்தைச் சொல்லும் உரிமை எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது!

எனினும் என் மகிழ்ச்சியைப் பொதுவெற்றியாகப் பறைசாற்ற மனம் ஒப்பவில்லை. 2023இல் ஒருவழிக் கட்டணம் இந்திய நாணயத்தில் 7,670 ரூபாய். தோட்ட நாட்கூலி இலங்கை நாணயத்தில் 1,000 ரூபாயாக இருந்த அவ்வேளையில், அது ஏறக்குறைய முப்பது நாள் உழைப்பின் விலை. பின்னர் கட்டணம் ஓரளவு குறைந்தபோதிலும், மாதச் சம்பளம் வாங்கும் எனக்குத்தான் அது எட்டியது. அயல் லயத்து அக்காவுக்கு எட்டவில்லை.

உழைப்பவருக்குக் கூலி வேண்டும், வீடு வேண்டும், காணி வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அவற்றோடு ஓய்வையும் கேட்போம். காரணம் எதுவும் காட்டாமல் புறப்படவும், சில நாள் தன்னோடு தான் இருக்கவும், விரும்பிய நாளில் தன் வாசலுக்கே திரும்பவும் ஒரு கொழுந்துக்காரிக்கு இயலுமாயின், அன்றுதான் இந்தக் கடல் நமக்கும் கடலாகும்.