மாமாவுக்கு வந்தது எந்த ஊர்க் கிருமி?

போன வாரம் லீவுக்கு திருப்பரங்குன்றம் போயிருந்தேன். ஊருக்குப் போயும் லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு அழுற சாதி நான். பழைய கோடையும் புதுக் கோடையும் பக்கத்துல பக்கத்துல வச்சு என்ன மாறியிருக்குன்னு பாத்துக்கிட்டிருந்தப்ப மாமா எட்டிப் பாத்தார்.

"என்னா மாப்ள, ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிறியா?" (சம்பளமே அதுக்குத்தானே :-))

சும்மா இருந்திருக்கலாம். போலியோ கிருமியையும் இப்படித்தான் துரத்துனாங்க மாமான்னு சொல்லிட்டு நாக்கைக் கடிச்சேன். 1978-ல, ரெண்டு வயசுல, அவருக்குப் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போச்சு. அவர் என்னடான்னா சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டார்.

விஷயம் இதுதான். கிருமியோட மேல்கூட்டுல விபி1னு ஒரு புரதம். அதுக்கான ஜீன் சுமார் 900 எழுத்து. கிருமி ஆள் மாத்தி ஆள் பரவப் பரவ, வருசத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம், அதாவது ஒம்பது எழுத்து மாறிக்கிட்டே போகும். குழந்தையோட மலத்துல இருந்து கிருமியை எடுத்து, எழுத்தைப் படிச்சு, மத்த கிருமிகளோட ஒப்பிட்டா யாரு அண்ணன் தம்பி, யாரு தூரத்துப் பங்காளின்னு தெரிஞ்சுரும். நம்மூர்ல மும்பை என்டிரோவைரஸ் ஆராய்ச்சி மையத்துல இதைச் செஞ்சாங்க. 2010-ல தஜிகிஸ்தான்ல 450 பேருக்கு மேல போலியோ வந்தப்ப, அந்தக் கிருமியோட நெருங்குன சொந்தம் உத்தரப் பிரதேசத்துல இருந்துச்சு!

"அப்ப எனக்கு வந்தது எந்த ஊர்க் கிருமி?"ன்னார் மாமா.

பதில் இல்லை. அன்னிக்கு அவர்கிட்ட யாரும் மாதிரி எடுக்கலை. அம்மாச்சிதான் தானா ஒரு முடிவுக்கு வந்திருந்துச்சு. பங்குனித் தேர் பாக்க மாமாவை இடுப்புல தூக்கிட்டுப் போச்சாம், அந்தக் கூட்டத்துலதான் தொத்திருச்சாம். சாகுற வரைக்கும் தேர் பக்கமே போகலை.

தொத்துன 200 பேர்ல ஒருத்தருக்குத்தான் கை கால் விளங்காமப் போகும், முக்காவாசிப் பேருக்கு வந்ததே தெரியாதுன்னு சொன்னேன். கூட விளையாடுன பக்கத்து வீட்டுப் பய கூட குடுத்திருக்கலாம். தேருக்குப் போகாம இருந்தாலும் வந்திருக்கலாம்.

"இதைக் கெழவி இருந்தப்பச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா மாப்ள?"

அப்புறம், "அந்த 900 எழுத்தைக் காட்டு, எப்படி இருக்குன்னு பாப்போம்"னார். தேடி எடுத்துக் குடுத்தேன். நாலே எழுத்து, திரும்பத் திரும்ப. கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஸ்கிரீன்ல விரல் வச்சு ஒவ்வொண்ணா வாசிச்சார், அத்தை சாப்பிடக் கூப்புடுற வரைக்கும்.